சேட்டு சொல்லிக்கொடுத்த ரெண்டு நாள்

நொச்சிக்குப்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். முதலில் சேட்டுவிடம் வருவார்கள்.

சேட்டு வைத்தியர் இல்லை. மூணாங்கிளாஸைப் பாதியில் விட்டவர். பத்து வயதில் ஐஸ் பாரைத் தலையில் சுமந்தார். முப்பது வயதில் சொந்தமாக மீன்பாடி வண்டி. ஐம்பதில் இரண்டு குட்டியானை வேன். அடையாறிலும் தி.நகரிலும் பெரிய ஓட்டல்களில் வஞ்சிரம் பொரிகிற வாசனை வந்தால், அது சேட்டுவின் வண்டியில் போன வஞ்சிரம். யார் கையையும் பிடித்து மேலே வந்தவர் இல்லை. பாலவாக்கத்தில் மனை வாங்கிப் போட்டிருந்தும் குப்பத்து ஹவுசிங் போர்டு வீட்டிலேயே இருந்தார். ஏன் என்று கேட்டால், "நான் பூட்டா இதுங்களுக்கு யாரு கீறா?" என்பார். அது வெறும் ஜம்பம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. படித்தவன் ஆயிரம் பேர் இருக்கலாம். டாக்டர் முன்னால் நின்று வாயைத் திறக்கத் தெரிந்தவர் அந்தக் கரையில் அவர் ஒருவர்தான்.

அந்த வித்தையை அவர் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. மச்சான் செம்பியனின் காலில் கற்றுக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் செம்பியனுக்குப் பாதத்தில் திருக்கை முள் ஏறிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, தொழிலுக்கும் போய்வந்து, இருபதாம் நாள் கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் கேட்டார், செம்பியன் உள்ளதைச் சொன்னான். "இருபது நாளா? இருபது நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க? எல்லாம் அழுகினப்புறம் எங்க தலைல கொண்டாந்து கட்டுங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி டாக்டர் எகிறினார். கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. காலைத் தின்றது அந்த இருபது நாள்தான். ஆனால் வாசலில் நின்ற சேட்டுவின் மனதில் பதிந்தது அது இல்லை. உண்மையைச் சொன்னான், அதனால் திட்டு வாங்கினான், அதனால் நம்மாளைச் சரியாகப் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்த பாடம் அதுதான்.

அன்றிலிருந்து சேட்டு ஒரு சட்டம் போட்டார். எந்த நோயானாலும் ரெண்டு நாள். அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது.

கரையில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகு ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்துதான் ஒத்திகை நடக்கும். மீன் வெட்டிக் கொடுக்கிற ஜானு ஒருமுறை நெஞ்சு எரிகிறதென்று வந்து நின்றாள்.

"எப்போலேர்ந்து கீது?"

"பொங்கலுக்கு மின்னாடிலேர்ந்து நைனா. கறி துன்னா இன்னும் சாஸ்தியா..."

"போச்சு. அத்த அங்க சொல்லிடாத. இத்தினி நாளு இன்னா புடுங்கிக்கினு இருந்தேன்னு கேப்பாரு."

"அப்போ நேத்திலேர்ந்துன்னு சொல்லட்டா?"

"நேத்துன்னா ஒத்த மாத்திரையக் குடுத்துத் தொரத்திடுவாங்க. ரெண்டு நாளுன்னாதான் மருவாதி. எங்க, சொல்லு பாப்போம்."

"ரெண்டு நாளா நெஞ்சு எரியுது சார்!"

"ஏலம் உடுறாப்ல கத்தாத. பாவமா சொல்லு."

"எனக்கு இருக்கறதே இந்தக் கொரலுதான் நைனா. பாவமான கொரல எங்க போய் எரவல் வாங்கியாறது?"

படகைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேட்டுவும் சிரித்தார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு, ஜானுவுக்கு முன்னால் நடந்து போனார். உள்ளே எல்லாம் அவரே பேசினார். "டாக்டரு நோயாளியப் பாக்க மாட்டாரு. பேசறவனத்தான் பாப்பாரு" என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. இப்படி எத்தனை பேரை அழைத்துப் போயிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. யாரும் திட்டு வாங்கியதில்லை. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

அவர் மனைவி தேவானைக்கு அந்தப் பெருமையில் பாதிதான் ஒப்புதல். "ஊருக்கெல்லாம் வாய வாடகைக்கு உட்டுக்கினு திரியுது எங்கூட்டு ஆளு" என்பாள். லூப் ரோட்டில் குடை விரித்து மீன் விற்றவள். காருக்குள் இருந்தபடியே விலை கேட்கிறவர்களிடம், "கண்ணாடிய எறக்கும்மா, மீனு மூஞ்சியப் பாத்துப் பேசு" என்று சொல்லி இறங்கவே வைத்துவிடுவாள். பேசத் தெரியாதவள் இல்லை. எந்த அதிகாரி வந்தாலும் அவளே பேசுவாள். ஆஸ்பத்திரி ஒன்றுதான் சேட்டுவின் எல்லை. அங்கே அவள் வாய் திறந்ததில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். இருபது வருஷமாக அந்தத் தெருவின் முதல் குடத்தைத் தலையில் வைப்பவள் தேவானைதான். விடியற்காலை குளிக்கப் போனவள் ஈரத் தலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ். நின்னது திரும்ப வந்துகீது."

"எது?"

"அதான்யா. எட்டு வருசமா இல்லாதது."

சேட்டு காலண்டரைப் பார்த்தார். பெண்கள் சமாச்சாரத்தைப் பேசுகையில் அவர் கண் காலண்டருக்குப் போய்விடும்.

"சூடா இருக்கும். எளநி குடி."

"கொடத்த சந்திரிகாவ எடுக்கச் சொல்லு. நான் கோயிலாண்ட வரல."

சந்திரிகா பக்கத்து வீட்டுக்காரி, சந்தையில் பக்கத்துக் குடைக்காரி. குடம் அவள் தலைக்குப் போனதும் தெருவே கேட்டது, தேவானைக்கு என்ன என்று. சேட்டு கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காலு பெசகிகிச்சு" என்றார். புருஷன் சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக் கூடாதென்று தேவானை அன்று பொழுது சாயும்வரை நொண்டிக்கொண்டே நடந்தாள். செம்பியன்கூடத் தன் கட்டைக் காலைத் தட்டிக்காட்டி, "இன்னாக்கா, எனக்குப் போட்டியா?" என்று கேட்டான். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மாசி மாதம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் குடைக்குக் கீழேயே சுருண்டு படுத்த அன்றுதான் வெள்ளைச் சட்டையும் மஞ்சப்பையும் வெளியே வந்தன.

"ரெண்டு நாளா வயித்து வலி டாக்டர்" என்றார் சேட்டு. வழக்கம்போல முன்னால் நின்றது அவர்தான்.

டாக்டர் இளவயது ஆள், நல்ல மாதிரி. எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தி, சேட்டுவைத் தாண்டிப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

தேவானை வாயைத் திறந்தாள். சேட்டு முந்திக்கொண்டார்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லா துன்றா, நல்லா தூங்கறா."

வெளியே வந்ததும் அவள் நின்றாள். "யோவ், அத்த சொல்லலியே?"

"ஆம்பள டாக்டராண்ட அத்தப் போயி எப்டி சொல்றது? அது வேற, இது வேற. நீ சும்மா வா."

அவர் மெய்யாகவே அப்படித்தான் நம்பினார். அது வேறு, இது வேறு. வாய்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பங்குனியில் மறுபடி போனார்கள், வேறு டாக்டர், ரெண்டு நாள். வைகாசியில் மூன்றாவது முறை, மறுபடியும் ரெண்டு நாள். ஆனி மாதம் சந்தையில் எழுந்து நின்றவள் அப்படியே விழுந்தாள். அவள் புடவையைப் பார்த்த சந்திரிகா போட்ட சத்தத்தில் லூப் ரோடே நின்றது.

கருப்பையில் புற்று. கல்லீரல்வரை போயிருந்தது. பெரிய டாக்டர் மூன்று சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். "மூணுலயும் ரெண்டு நாள்னு இருக்கு. ரெண்டு நாள்ல இது இவ்வளவு வளராதேப்பா?"

"அதான் சார் எனக்கும் புரியல" என்றார் சேட்டு.

தேவானை பக்கத்தில்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வார்த்தையைக் காப்பாற்ற ஆடி மாதம் நொண்டிக்கொண்டே நடந்தாளே, அதே மாதிரிதான் அன்றும் உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள்.

தை மாதம் வைதேகி போன் செய்தாள். மயிலாப்பூர்ப் பெண், டாக்டர். தேவானை வார்டில் இருந்தபோது படுக்கை படுக்கையாக வந்து உட்கார்ந்து பேசியவள். நோயாளிகள் தங்கள் நோயைத் தாங்களே, தங்கள் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும், அதை டாக்டர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும், ஆராய்ச்சியிலும் அது சேர வேண்டும் என்று பாடுபடுவது அவள் வேலை. "தேவானையம்மா பேசினது ரெக்கார்டா எங்ககிட்ட இருக்கு ஐயா. சாந்தோம்ல ஒரு ஸ்கூல் ஹால்ல கூட்டம் வைக்கறோம். அதை அங்க போடலாமான்னு உங்களைக் கேக்கணும். நீங்களும் பேசணும்."

பேச வேண்டும் என்ற வார்த்தை சேட்டுவை நிமிர்த்தி உட்கார வைத்தது. மூன்று நாள் படகில் உட்கார்ந்து, தானே தனக்கு ஒத்திகை பார்த்தார். 'என் சம்சாரத்தக் கண்ணுக்குள்ள வெச்சிப் பாத்தேன். மூணு வாட்டி நானே இட்டுக்கினு போனேன். ஒரு நாளு தவறல.' சொல்லிப் பார்க்கையில் அவருக்கே கண் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறதென்று நினைத்துக்கொண்டார்.

அடையாறில் வைதேகி வரச்சொன்ன அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கம்ப்யூட்டர். சேட்டு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றாள் வைதேகி. "போட்டுக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். உங்க பக்கத்துலேர்ந்து வந்தவங்க பதினோரு பேர்கிட்ட பேசியிருக்கேன். எப்போலேர்ந்து உடம்பு சரியில்லன்னு கேட்டா, பதினோரு பேரும் ரெண்டு நாள்னு சொல்றாங்க. ஒருத்தர்கூட மூணு நாள்னு சொல்லலை. ஆனா அத்தனை பேருக்கும் நோய் முத்திப்போயிருக்கு. கடலோரத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் வேகமா வளர்ற மாதிரி ஏதோ இருக்குன்னு எங்க பெரிய டாக்டர் எழுதிண்டே இருக்கார். அங்க இருக்கற தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணணும், மீனை டெஸ்ட் பண்ணணும்னு சொல்றார். உங்களுக்கு ஏதாவது தோணறதா?"

சேட்டுவுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. பதினோரு பேரின் முகமும் தோன்றியது. படகில் வரிசையாக உட்கார்ந்து, பாவமான குரலில் சொல்லிப் பார்த்த முகங்கள். அவர் வாயில் பிறந்த ரெண்டு நாள், டாக்டர்கள் எழுதுகிற புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வேறு நாளாக இருந்திருந்தால் அதற்கும் பெருமைப்பட்டிருப்பார்.

"மொதல்ல அவ கொரலப் போடும்மா" என்றார்.

முதலில் மின்விசிறிச் சத்தம். அப்புறம் வைதேகி குரல், "சொல்லுங்கம்மா, எப்போலேர்ந்து இந்தத் தொந்தரவு?"

"ரெண்டு நாளா."

தேவானையின் குரல்தான். ஆனால் சந்தைக் குரல் இல்லை. பாவமான குரல். அவருக்கு மனைவியானதால் அவளுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை, கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்தது. சாவதற்கு இருபது நாளைக்கு முன்னால், பக்கத்தில் அவர் இல்லாத நேரத்தில், சொல்வதற்கெல்லாம் காது கொடுக்க ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருக்கையில், அவள் அதையே சொல்லியிருந்தாள்.

"அம்மா, நான் திட்ட மாட்டேன். நிஜமாவே ரெண்டு நாள்தானா?"

மின்விசிறி மட்டும் ஓடியது. பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள்.

"அவரு எங்க?" என்றது தேவானையின் குரல்.

"டீ வாங்கப் போயிருக்கார்மா."

"வர நேரமாவுமா?"

"ஆகும்மா. நீங்க சொல்லுங்க."

அப்புறம் அந்தக் குரல் மாறியது. லூப் ரோட்டில் கண்ணாடியை இறக்கச் சொல்கிற குரல் அல்ல, ஆனாலும் அவளுடைய சொந்தக் குரல். "ஆடி மாசம் கூழு ஊத்தன அன்னிக்கி, பாப்பா, காலைல எந்திரிச்சி..."

"இந்தாம்மே, டீ!"

சேட்டு நாற்காலியில் துள்ளினார். அது அவர் குரல். "இன்னா டாக்டரம்மா, இவளாண்ட இன்னா கேட்டுக்கினு கீற? இவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. ஏய், நீ டீ குடி. நான் சொல்றேன் கேளும்மா. மொத வாட்டி நான் இட்டுக்கினு போனப்போ..."

அதற்கப்புறம் ஒலிப்பதிவு முழுக்க அவர்தான். வைதேகி நிறுத்தவில்லை. நிமிஷக்கணக்காக அவர் பேசினார், கணீரென்று, தங்குதடை இல்லாமல். இடையில் ஒரே ஒரு முறை டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அதுதான் தேவானை.

"மறுநாள் நான் போனேன் ஐயா" என்றாள் வைதேகி. "அன்னிக்கு அவங்களுக்கு மூச்சு வாங்கிண்டிருந்தது. அதுக்கப்புறம் பேசவே முடியல. அந்த வாக்கியம் அப்படியே நிக்கறது."

சேட்டு மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்று நாள் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டார்.

"மீன ஒண்ணும் பண்ணாதீங்கம்மா" என்றார் கடைசியில். "மீனு மேல தப்பு இல்ல. அந்தப் பதினோரு பேருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

வைதேகி எழுதுகோலை வைத்துவிட்டாள்.

"அத்த ஓட உடு. அந்த ரெக்கார்டு பண்ற மிஷின. நான் சொல்றேன்." சொன்ன பிறகு அந்த வார்த்தை அவர் காதிலேயே அறைந்தது. நான் சொல்றேன். ஆனாலும் ஆரம்பித்தார். "ஆடி மாசம் கூழு ஊத்தன அன்னிக்கி காலைல எந்திரிச்சி குளிக்கப் போச்சு. திரும்பி வந்து, நின்னது வந்துகீதுன்னு என்னாண்ட சொல்லுச்சு. என்னாண்டதான் சொல்லுச்சு. எளநி குடின்னு நான்தான் சொன்னேன். கொடம் எடுக்கல. ஊருக்குக் காலு பெசகிகிச்சுன்னு சொன்னேன். அது அன்னிக்கெல்லாம் நொண்டுச்சும்மா. ஆடிலேர்ந்து மாசி. எரநூறு நாளு. அப்புறம் சீட்டு வாங்கினு திரிஞ்சது நூத்திச் சொச்சம். ரெண்டு நாளு இல்ல."

வைதேகி மெல்லக் கேட்டாள். "அந்த இருநூறு நாள் அவங்களுக்கு எப்படி இருந்தது ஐயா? வலி எப்படி இருந்தது? பயந்தாங்களா?"

வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் சேட்டு பதில் சொல்லாமல் இருந்ததில்லை. வலி எங்கே, எப்படி, எரிகிறதா, குத்துகிறதா, எல்லாருக்குமாக அவர் சொல்லியிருக்கிறார். மேலே பார்த்தார். அந்த அறையில் காலண்டர் இல்லை.

"தெரியாதும்மா" என்றார். "நான் கேக்கல."

அழுகை வந்தது. வெள்ளைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு, பெரிய மனுஷன் என்பதையெல்லாம் மறந்து, ஏங்கி ஏங்கி அழுதார். வைதேகி தன் தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே காலியாகவே விட்டாள். கூட்டத்தில் எதைப் போடுவது என்று கேட்டதற்கு, "அவ பேசனது வரிக்கும் போடு. நான் டீயோட வந்து பூந்ததையும் சேத்துப் போடு. டாக்டருங்க மட்டும் கேட்டாப் பத்தாது, எங்காளுங்களும் கேக்கட்டும்" என்றார்.

போட்டார்கள். சாந்தோம் ஹாலில் கூட்டம் முடிந்ததும் குப்பத்து ஆட்கள் அவரைத் தாண்டிக் கலைந்து போனார்கள். செம்பியன் மட்டும் கட்டைக் காலை ஊன்றிப் பக்கத்தில் வந்து நின்றான். "எங்கக்கா அன்னிக்கி நொண்டுச்சே, அப்போ நான் கலாச்சேனே மாமா" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

நாலு நாள் கழித்துச் சந்திரிகா படகுக்கு வந்தாள். உட்காரவில்லை. முந்தானையை மார்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நைனா, எனக்கும் ஒரு மாதிரி கீது. எப்போலேர்ந்துன்னா..."

"என்னாண்ட சொல்லாத" என்றார் சேட்டு. "அங்க போய் சொல்லு. எப்போலேர்ந்து இருக்குதோ அப்போலேர்ந்து சொல்லு."

"திட்டுவாங்களே?"

"திட்டட்டும்."

"நீ உள்ள வருவியா?"

"வாசல்ல குந்திக்கினு இருப்பேன்."

"நீ இல்லாம எனக்குப் பேச வராது நைனா."

"வரும்" என்றார். "தேவானைக்கு வந்துச்சு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் சந்திரிகாவைக் கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு சேட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு குரல் உயர்ந்தது, டாக்டரின் குரலாக இருக்கலாம், திட்டாக இருக்கலாம். அவர் எழுந்துவிட்டார். கை கதவுவரை போனது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் திரும்ப உட்கார்ந்தார். அப்புறம் சந்திரிகாவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. விட்டுவிட்டு வந்தது. அழுகிற மாதிரி இருந்தது, மறுபடி பேசியது. பக்கத்தில் இருந்தவர், "உள்ள யாரு, உங்க சம்சாரமா?" என்று கேட்டார். சேட்டு தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

சுவர்க் கடிகாரத்தில் கால் மணி ஆகியிருந்தது. இன்னும் கதவு திறக்கவில்லை. ஆடி மாதத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் இந்நேரம் தேவானை எதுவரை சொல்லி வந்திருப்பாள் என்று சேட்டு எண்ணிப் பார்த்தார். அவள் வாய் திறந்து எதை முதலில் சொல்லியிருப்பாள், எந்த இடத்தில் நின்றிருப்பாள், எதற்குச் சிரித்திருப்பாள் என்று அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.